6 அடிப் பலகையில் மாடல் ரயில் ஓட்ட விலை குறைந்த என்ஜின் போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாகப் போதும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி வாங்காமல், மெதுவாக ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்களிடம் 6 அடி நீளம், 1 அடி அகலமுள்ள ஒரு பலகை இருக்கிறது, எச்ஓ அளவில் (1:87, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) ஒரு சிறிய சரக்கு யார்டு அமைக்க ஆசை, செலவு கையைக் கடிக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் வட்டமாகத் தண்டவாளம் போட முடியாது. ஆகவே உங்கள் என்ஜினுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே வேலைதான்: கிளம்புவது, நிற்பது, பின்னால் வருவது, வேகனை மெல்லத் தொட்டு இணைப்பது. அதிவேகமோ இருபது வேகன்களை இழுக்கும் வலிமையோ உங்களுக்கு எதற்கும் பயன்படாது. தடம் பிரியும் இடமான பாயிண்ட்ஸ் மேல் நத்தை வேகத்தில் ஊர்ந்து, நடுவில் நின்றுவிடாமல் கடந்துபோகிற என்ஜின்தான் உங்களுக்கு நல்ல என்ஜின்.

உங்கள் பலகைக்கு, பிரிட்டிஷ் மாடல் ரயில் ஆர்வலர் ஆலன் ரைட் வடிவமைத்த 'இங்கில்நூக்' அமைப்பைச் சொல்வேன். இரண்டே பாயிண்ட்ஸ், மூன்று கிளைத் தடங்கள். ஒன்றில் 5 வேகன்கள் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. முன்னால் உள்ள தலைத்தடத்தில் என்ஜினும் 3 வேகன்களும் மட்டுமே அடங்கும். மொத்தம் 8 வேகன்களை வைத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி வந்த வரிசையில் ஐந்தைச் சேர்த்து ஒரு ரயில் அமைக்க வேண்டும். எட்டில் ஐந்தை எடுத்து அடுக்க 6,720 வரிசைகள் உண்டு, சலிப்பே வராது. தலைத்தடத்துக்குள் என்ஜின் ஒரே சமயத்தில் மூன்று வேகன்களுக்கு மேல் இழுத்து வர இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இதனால்தான் இழுவிசைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது நீளம். அமெரிக்காவின் பெரிய சரக்கு டீசலான எஸ்டி40-2, எச்ஓ அளவில் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் வரும். ஜெனரல் எலக்ட்ரிக் தயாரித்த 44 டன் ஷண்டிங் (யார்டில் வேகன்களை இடம் மாற்றும்) என்ஜின் 12 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். பழைய 40 அடி சரக்குப் பெட்டி ஒன்று இணைப்புகளோடு 15 சென்டிமீட்டர் இருக்கும். பெரிய என்ஜினை வாங்கினால் கிட்டத்தட்ட ஒரு வேகனுக்கான இடத்தை அதுவே தின்றுவிடும். 6 அடிப் பலகையில் அந்த இழப்பு பெரிது.

அந்த 44 டன் என்ஜின் பிறந்த கதையும் சுவையானது. 1937-இல் அமெரிக்க ரயில்வே நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள என்ஜினில் ஓட்டுநரோடு ஒரு ஃபயர்மேனும் (உதவியாளர்) இருந்தாக வேண்டும். 44 டன் என்றால் அந்த ஊர்க் கணக்கில் 88,000 பவுண்டு. வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும்படி அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள்! 1940 முதல் 1956 வரை தயாரானது. நடுவில் ஓட்டுநர் அறை, இரு பக்கமும் தாழ்வான மூக்கு, உள்ளே இரண்டு சிறிய டீசல் இயந்திரங்கள். சிறு ஆலைகளிலும் கிளைப் பாதைகளிலும் வேலை செய்தது என்பதால், உங்கள் யார்டில் நிறுத்தினால் இயல்பாகவே பொருந்தும். எச்ஓவில் இதைப் பேக்மன் நிறுவனம் நீண்ட காலமாக விற்றுவருகிறது. என் பரிந்துரையும் இதுதான். வெவ்வேறு காலத்தில் வந்த பதிப்புகளின் உள்ளமைப்பு ஒன்றல்ல. அதனால் பழைய சரக்காக வாங்கினால் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எத்தனை சக்கரங்கள் வழியாக என்ஜினுக்குள் போகிறது? மலிவான நான்கு சக்கர என்ஜின்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். பாயிண்ட்ஸின் நடுவில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையை ஃபிராக் என்பார்கள். விலை குறைந்த பாயிண்ட்ஸில் அது பிளாஸ்டிக். அங்கே மின்சாரம் கிடையாது. நான்கே சக்கரம் உள்ள என்ஜினில் ஒன்று ஃபிராக் மேல் ஏறி, இன்னொன்றின் கீழே கொஞ்சம் தூசி இருந்தால் போதும், அங்கேயே நின்றுவிடும். இழுவிசை கூட வேண்டும் என்று சில சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். அந்தச் சக்கரம் மின்சாரத்தை எடுக்காது. நான்கில் ஒன்று போனாலே கால் பங்கு போயிற்று. முன்னும் பின்னுமாக இரண்டு போகிகளில் (என்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களில்) எட்டுச் சக்கரங்கள், எட்டிலும் மின்சாரம், ரப்பர் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இதைச் சோதிக்க 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு கம்பித் துண்டுகளும் போதும். என்ஜினை மெத்தென்ற பஞ்சின் மேல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு கம்பியால் இடப்பக்கச் சக்கரம் ஒன்றையும் மற்றொன்றால் வலப்பக்கச் சக்கரம் ஒன்றையும் தொடுங்கள். எல்லாச் சக்கரங்களும் சுழல வேண்டும். வலக் கம்பியை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடக் கம்பியை அந்தப் பக்கத்துச் சக்கரங்களில் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். பிறகு பக்கத்தை மாற்றிச் செய்யுங்கள். எந்தச் சக்கரத்தைத் தொடும்போது மோட்டார் நிற்கிறதோ, அந்தச் சக்கரம் பாரம் தாங்க மட்டுமே இருக்கிறது. விற்பவர் இந்தச் சோதனைக்குத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

வேகத்துக்கு ஓர் அடி ஸ்கேலே அளவுகோல். யார்டில் உண்மையான என்ஜின் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். 1:87 அளவில் அது நொடிக்கு 3.2 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் ஸ்கேலைத் தண்டவாளத்தின் ஓரம் வைத்தால், அதைக் கடக்க 9 நொடிக்குச் சற்று அதிகமாக ஆக வேண்டும். நல்ல என்ஜின் இதில் பாதி வேகத்திலும், அதாவது 19 நொடி எடுத்துக்கொண்டும், துள்ளாமல் போகும். எவ்வளவு குறைத்தாலும் 4 நொடியில் ஓடிவிடுகிற என்ஜின் பொம்மை ரயிலின் வட்டப் பாதைக்குத்தான் சரி, ஷண்டிங்குக்கு ஆகாது. இரண்டு திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வெண்ணெயாகப் போய், மறுபக்கம் திக்குகிற என்ஜின்கள் உண்டு.

மோட்டார் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று துருவ மோட்டாரைவிட ஐந்து துருவ மோட்டார் மெதுவான ஓட்டத்தில் நிதானமாகச் சுழலும். மோட்டார் அச்சில் பித்தளைச் சுழல்சக்கரம் இருந்தால், மின்சாரம் கண நேரம் விட்டுப்போனாலும் அந்தச் சுழற்சியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். கையில் எடுத்தால் அளவுக்குமீறிக் கனக்கிற என்ஜின் எனக்கு எப்போதும் பிடிக்கும். உள்ளே உலோகச் சட்டம் இருக்கிறது, சக்கரம் தண்டவாளத்தில் அழுந்தி உட்காரும் என்று அந்தக் கனம் சொல்லிவிடுகிறது.

பழைய என்ஜினாக இருந்தால் காதைக் கொடுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தமும் லேசான குலுக்கலும் வந்தால், அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றுப் பல்சக்கரம் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம்; தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். இறுகிப்போன பழைய கிரீஸ் மட்டும்தான் குறை என்றால் கவலை வேண்டாம். துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெயை ஒரு சொட்டு விட்டால் உயிர் வந்துவிடும்.

டிசிசி (ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறை) வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வரும். ஒரே என்ஜின், ஒரே ஓட்டுநர் என்றால் சாதாரண 12 வோல்ட் டிசியே போதும். பின்னால் ஆசை வரலாம் என்பதற்காக, டிகோடர் (அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சிப்) செருகும் சாக்கெட் உள்ள மாடலாக வாங்கிவைப்பது புத்திசாலித்தனம். ஒலி வசதிக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கொடுங்கள். சுமாரான என்ஜின்கூட நல்ல கட்டுப்பாட்டுக் கருவியில் அடக்கமாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் சுங்க வரி, அனுப்பும் செலவு இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே எது மலிவு என்று முடிவு செய்யுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான செட்டோடு வரும் பவர் பேக் (மின்சாரம் தரும் கருவி) பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள். என்ஜினையும் வேகன்களையும் ஒரே வகை இணைப்பு உள்ளவையாக வாங்குங்கள். பிரிட்டிஷ் கொக்கி இணைப்பும் அமெரிக்க நக்கிள் இணைப்பும் ஒன்றோடொன்று சேராது, இங்கில்நூக் விளையாட்டே அந்த இணைப்பை நம்பித்தான் இருக்கிறது.