குரங்குக்கு ஒன்றும் செய்யாத மருந்து மனிதரை ஏன் சாய்த்தது?

விலங்குகளிடம் பாதுகாப்பாக இருந்த மருந்து மனிதரிடம் எப்படித் தவறும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் 500-ல் ஒரு பங்குதான். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, வாந்தி, காய்ச்சல், அப்புறம் ஆறு பேருக்குமே உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சை. எல்லோரும் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார்.

நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லின் மேல் சிடி28 என்று ஓர் ஏற்பி (சமிக்ஞையை வாங்கும் புரதம்) இருக்கிறது, வழக்கமாக இன்னொரு ஏற்பியும் சேர்ந்து தூண்டினால்தான் அந்தச் செல் முழுதாக விழிக்கும், இந்த மருந்தோ சிடி28-ஐ மட்டும் பிடித்தே எழுப்பிவிடும். சோதனைக் குரங்குகளின் ஒருவகை நினைவு டி செல்களில் (முன்பு வந்த கிருமியை நினைவில் வைப்பவை) சிடி28 இல்லை, மனிதரிடம் உண்டு. மனிதரின் அந்தச் செல்கள்தான் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்களைக் கொட்டின. செல்லுக்குள் சிறு சமிக்ஞையும் கட்டத்துக்குக் கட்டம் பெருகுவதால், அளவைக் குறைத்தால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

எனக்கு ஆறாத விஷயம், சுமார் பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டே போனதுதான். முதல் ஆளைக் கவனித்துக் காத்திருந்தால் மற்ற ஐவர் தப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகே, மனிதச் செல்லில் விளைவு தொடங்கும் மிகக் குறைந்த அளவிலிருந்து, ஆள் ஆளாக இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறை ஐரோப்பிய வழிகாட்டுதலில் வந்தது.