அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பழங்குடியினருக்கு சால்மன் மீனில் பாதி ஏன்? தூண்டில்காரர்களுக்கு இதனால் இழப்பா?

அந்தப் பங்கு அரசு அளித்த சலுகை அன்று. 1854, 1855-ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களில் பெரும் நிலப்பரப்பை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்த பழங்குடிகள், தங்கள் வழக்கமான இடங்களில் பிற குடிமக்களோடு பொதுவாக மீன்பிடிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அந்த உரிமையை மாநில அரசு நெடுங்காலம் மதிக்கவில்லை; நிஸ்குவாலி ஆற்றில் வலை வீசியதற்காக நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் 14 வயதிலேயே கைது செய்யப்பட்டார் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. 1974-இல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி போல்ட், இனப்பெருக்கத்துக்குத் தேவையான மீன்களை ஆற்றுக்கு விட்டபின் பிடிக்கத்தக்கவற்றில் பாதிவரை பழங்குடியினருக்கு உரியது எனத் தீர்ப்பளித்தார். 1979-இல் உச்ச நீதிமன்றம் அதன் சாரத்தை உறுதிசெய்தது.

தூண்டில்காரர்கள் அன்று கடுமையாக எதிர்த்தனர். ஆனால் 1980-களிலிருந்து மாநில அரசும் பழங்குடிகளும் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் கூடி, மீன்வரவு மதிப்பீட்டின் அடிப்படையில் இரு தரப்புக்குமான பருவங்களை முடிவுசெய்கின்றன. தூண்டில்காரர்களும் பொதுக்கூட்டங்களில் கருத்துரைக்கின்றனர். 2016-இல் உடன்பாடு தாமதமானபோது பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழிப் பகுதியில் அவர்களின் மீன்பிடிப்பும் சில வாரங்கள் நின்றது.

இழப்பு என்ற கணக்கில் பலர் காணத் தவறுவது ஒன்றுண்டு. பழங்குடிகளின் குஞ்சுப் பண்ணைகள் விடும் சால்மன் தூண்டிலிலும் சிக்குகிறது. மீன்வழியை அடைக்கும் சாலையடி நீர்க்குழாய்களை மாநிலமே சீரமைக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்த ஆணையும் இதே ஒப்பந்த உரிமையின் பேரில் பெறப்பட்டதுதான்.