கேஸ் அடிப்பதற்கு முன் கையை நீட்டிப் பாருங்கள்

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். ஜூலையில், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் மிஷின், கம்ப்ரஸர் வைத்த டிஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கினோம். அப்போது தினமும் ஒரு டேங்க் தண்ணீர் பிடித்தது. இப்போது டிசம்பரில் ராத்திரி முழுக்க ஓடவிட்டாலும் காலையில் டேங்க் காய்ந்து கிடக்கிறது. பீரோவில் பட்டுப் புடவையெல்லாம் பூசணம். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கேஸ் போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. மிஷினில் பழுதே இல்லாமலும் இருக்கலாம், குளிர்தான் காரணமாக இருக்கலாம்.

இந்த மிஷின் வேலை செய்வது ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வியர்க்குமே, அதே மாதிரிதான். உள்ளே 'காயில்' (coil) என்று ஒரு குளிர்ந்த சுருள் குழாய் இருக்கிறது, அதில் காற்று பட்டால் ஈரம் தண்ணீராக வடிந்து டேங்க்கில் விழும். 30 டிகிரியில், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும்போது, ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். உங்கள் ஊர் டிசம்பர் இரவில் அறைக்குள் 12 டிகிரி என்றால், அதே 80 சதவீதத்துக்கு 8.5 கிராம்தான். அதையும் பிடிக்க காயில் இன்னும் குளிர்ந்தாக வேண்டும், குளிர்ந்தால் அதன்மேல் பனி உறைந்துவிடுகிறது, உறைந்த பனி சொட்டுமா? பனியை உருக்குவதற்காக மிஷின் அவ்வப்போது கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டும். ராத்திரியில் பாதி நேரம் இதிலேயே போய்விடும். பெட்டியில் 20 லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதக் கணக்கு. விற்கும்போது கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

சரி, பார்த்துவிடலாம். சின்ன அறை ஒன்றைக் கதவு, ஜன்னல் சாத்தி, ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரப்பத அளவை 60-ல் வைத்திருந்தால் 40-க்கு இறக்குங்கள். டேங்க்கை வெளியே எடுத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள், அதிலுள்ள மிதவை கோணலாக மாட்டிக்கொண்டால் டேங்க் நிறைந்துவிட்டதாக நினைத்து மிஷின் நின்றுவிடும். பின்பக்கம் டியூப் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார், கடைசியில் பார்த்தால் தண்ணீர் அந்த டியூப் வழியாகப் பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தது!

இப்போது ஆன் செய்து பத்து நிமிடம் கழித்து, காற்று வெளியே வரும் இடத்தில் கையை வையுங்கள். அறையைவிட வெதுவெதுப்பாக வந்தால் கம்ப்ரஸர் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் சொட்டும். காற்று சும்மா ஃபேன் காற்று மாதிரி வந்தால், உறுமல் சத்தமும் கேட்காவிட்டால், கம்ப்ரஸரே எழும்பவில்லை. வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் இப்படி ஆகும், ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டு நம்மை ஏமாற்றும்.

300, 400 ரூபாய்க்கு, ஈரப்பதத்தை அளந்து காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல் பதத்துக்கு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும்.

அறை 20 டிகிரி, ஈரப்பதம் 70-க்கு மேல், கம்ப்ரஸர் ஓடுகிறது, ஆனாலும் நாலு மணி நேரத்தில் சொட்டுக்கூட இல்லையா? அப்போது மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருவதில்லை, எங்கோ கசிந்தால்தான் குறையும். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி 4,500.

அப்புறம், ஜூலையில்தானே வாங்கினீர்கள்? வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். வெளி ஆள் கை வைத்துவிட்டால் கம்பெனிக்காரர்கள் அதையே சாக்காகச் சொல்லுவார்கள். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, குளிர்தான் பிரச்சினை என்று தெரிந்தால், பகலில் வெயில் ஏறிய பிறகு பீரோ இருக்கும் அறையில் மட்டும் ஓட்டுங்கள், பீரோ கதவைத் திறந்து வைத்து. புடவைகளை முதலில் வெளியே எடுத்து, நிழலில் உலர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டிவிட்டு அப்புறம் அடுக்குங்கள்.