ராத்திரி வரவேற்பு, விடியற்காலை முகூர்த்தம்: கலைஞர்கள் கேள்வி-பதில்

ஆடியில் கோயில் கோயிலாக அலைந்த களைப்பு தீரும் முன்பே ஆவணி முகூர்த்தம் வந்துவிட்டது. கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: அசதி.

வரவேற்பில் இரண்டரை மணி நேரம் வாசித்துவிட்டு, நாலரை முகூர்த்தத்துக்கு மறுபடி வாசிக்கிறேன். உதடு வீங்குகிறது. என்ன தடவலாம்? (நாதஸ்வரம், ஆத்தூர்)

தடவ ஒன்றுமில்லை. சீசன் நடுவில் புதுச் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை, பழக்காதீர்கள். விறைப்பான சீவாளி உதட்டைத்தான் தின்னும். நன்றாகப் பழகியதில் இரண்டை விடியற்காலைக்கென்று ஒதுக்குங்கள். வரவேற்பில் தவிலுக்குத் தனி ஆவர்த்தனத்தை நீட்டிக் கொடுங்கள், அவருக்கும் சந்தோஷம். நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் மண்டபத்துக்கு விஸ்தாரமான ஆலாபனை எதற்கு?

விரல் மரத்துப் போகிறது. ஏன்? (தவில், கொண்டலாம்பட்டி)

எந்தக் கை, எந்த விரல், எத்தனை நாளாக? ஒன்றும் எழுதாமல் ஏன் என்றால் நான் ஜோசியமா பார்ப்பது? வலந்தலைக் கையென்றால், அதாவது விரல்களால் வாசிக்கும் கையென்றால், முதலில் விரலில் மாட்டும் கூட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். கழற்றிக் கொஞ்ச நேரத்தில் சரியானால் அதுதான் காரணம். தூக்கத்திலும் மரத்து எழுப்புகிறதென்றால் நரம்பு டாக்டரிடம் போங்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை வேண்டாம். அப்புறம், வாசித்தவர் வண்டி ஓட்ட வேண்டாம்.

முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விடுகிறோம். ஆனாலும் தூக்கமே இல்லை. (மேள செட், ஓமலூர்)

எப்படி வரும்? மண்டபத்தில் மேளக்காரர்களுக்கென்று ஒரு அறை கொடுப்பார்களே, அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் பாத்திரம் கழுவுமிடம். உள்ளே கால் உடைந்த நாற்காலிகள், சுருட்டிய ஜமுக்காளம், சுற்றாத ஃபேன். மூன்று மணிக்குச் சமையல்காரர் தேங்காய் மூட்டையை எடுக்க வந்து லைட்டைப் போடுவார். மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு ஏசி அறை, தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுகிறவர்களுக்கு ஸ்டோர் ரூம்! சாப்பாடும் கடைசிப் பந்தி. பதினொரு மணிக்கு ஆறிப்போன சாம்பார். அதைச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

தப்பு நம்மிடமும் உண்டு. அட்வான்ஸ் வாங்கும்போது தொகையை மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். ஃபேன் சுற்றும், தாழ் போடும் அறை, எட்டரைக்குள் சாப்பாடு, இரண்டையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முறைத்தால் முறைக்கட்டும். நாலு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்காதவரிடம் காலையில் சுருதி நிற்காது. அதற்கும் பேச்சு வாங்கப் போவது நீங்கள்தான்.

ஏற்காட்டில் பாடினால் மட்டும் குரல் கம்முகிறது. குளிரா? (மெல்லிசை, அம்மாபேட்டை)

குளிர் பாதிதான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, வழியில் வாந்தியும் எடுத்து, இறங்கியதும் மைக்கைப் பிடித்தால்? புளித்த வாந்தி தொண்டையைப் புண்ணாக்கும். இட்லி இரண்டோடு நிறுத்தி முன் சீட்டில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், வெந்நீர் குடித்துவிட்டுப் பாடுங்கள்.

தர்மபுரியிலிருந்து இரவு இரண்டு மணிக்குக் கிளம்புகிறோம். நான்தான் டிரைவரும். பாட்டைச் சத்தமாக வைத்தால் தூக்கம் வராதல்லவா? (கீபோர்டு, சேலம்)

வரும், தொப்பூர் கணவாய் இறக்கத்திலேயே வரும். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் இடம் அது. மறுபடி சொல்கிறேன், வாசித்தவர் வண்டி ஓட்ட வேண்டாம். டிரைவர் கூலியைக் கச்சேரித் தொகையிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு ராத்திரிக்கு ஆறு காபி அதிகமா? (பேஸ் கிடார், சேலம்)

அதிகம். குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பத்து மணிக்கு மேல் சுக்குத் தண்ணீர்.