கிட்டின் புதையல் வரைபடங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

1929-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் ஹியூபர்ட் பாமர் என்ற ஓய்வுபெற்ற வழக்கறிஞர் பழைய ஓக் மர மேசை ஒன்றை வாங்கினார். கடற்கொள்ளைக் குற்றத்துக்காக 1701-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட கேப்டன் வில்லியம் கிட்டின் பெயரும், 'அட்வெஞ்சர் காலி' என்ற அவருடைய கப்பலின் பெயரும், 1669 என்ற ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. மேசையின் மறைவிடத்திலிருந்து ஒரு தீவின் வரைபடம் வெளிவந்தது. கிட்டுக்குச் சொந்தமானவை எனப்பட்ட வேறு பெட்டிகளிலிருந்து அடுத்த சில ஆண்டுகளில் மேலும் மூன்று வரைபடங்கள் கிடைத்தன. கடற்கொள்ளை நினைவுப் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் பாமர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கே: ஐயா, உண்மையா போலியா? ஒரே வரியில் சொல்லுங்கள். (சேலம்)

கிட் வரைந்தவை என்று ஏற்க ஆதாரம் இல்லை.

கே: கிட் புதையல் எதையும் புதைக்கவே இல்லையா? (திருநெல்வேலி)

புதைத்தார். அது தோண்டி எடுக்கவும் பட்டுவிட்டது. 1699-ல் நியூயார்க் அருகே கார்டினர் தீவில், தீவின் உரிமையாளருக்குத் தெரிந்தே அவர் பொருள்களை விட்டுச் சென்றார். பாஸ்டனில் அவர் கைதானதும் ஆளுநர் பெல்லமாண்ட் அவற்றை வரவழைத்துப் பட்டியலிட்டு லண்டனுக்கு அனுப்பினார். ஆயிரம் அவுன்ஸுக்கு மேல் தங்கம், இரண்டாயிரம் அவுன்ஸுக்கு மேல் வெள்ளி, துணிப் பொதிகள், சர்க்கரை மூட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. பறிமுதல் செய்த பொருள்கள் ஏறக்குறைய 6,470 பவுண்டுக்கு விற்கப்பட்டன. இதற்குப் பட்டியல் இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எவருக்கும் வரைபடம் தேவைப்படவில்லை.

மிச்சம் இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு வித்திட்டவரும் கிட்தான். தூக்குக்குச் சில நாட்களுக்கு முன், 1701 மே மாதம், நாடாளுமன்ற அவைத்தலைவர் ராபர்ட் ஹார்லிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஒரு லட்சம் பவுண்ட் மதிப்புள்ள பொருளை விட்டு வந்திருக்கிறேன், என்னைக் கைதியாகவே அழைத்துச் சென்றால் காட்டுகிறேன் என்றார். உயிருக்கு மன்றாடிய ஒருவரின் கடிதம் அது. அதைப் புதையலுக்கான சாட்சியமாகப் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கே: வரைபடத்தில் உள்ள தீவு எங்கே இருக்கிறது? (ஈரோடு)

யார் வரைந்தது என்றே நிறுவப்படாத படத்தில் உள்ள தீவைத் தேடுவதில் பொருள் இல்லை.

கே: பிரிட்டிஷ் அருங்காட்சியக நிபுணர்களே பார்த்து 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சொன்னதாகப் படித்தேன். அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? நான் நில அளவைத் துறையில் பணியாற்றியவன். (சென்னை)

நல்ல கேள்வி, விரிவாகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட கருத்து எதைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் பாருங்கள். தோலும் தாளும் பழையவை, எழுத்து அக்காலப் பாணியில் இருக்கிறது என்பதுதான் அதன் எல்லை. கிட்டின் கை வரைந்தது என்று அது சொல்லவில்லை. பழைய நூல்களின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்து அவற்றில் புதிதாக வரைவது போலி செய்பவர்களின் பழைய வழக்கம். கார்பன் சோதனை செய்தாலும் ஆடு எப்போது செத்தது என்றுதான் தெரியும், தோலில் எப்போது எழுதினார்கள் என்று தெரியாது.

யேல் பல்கலைக்கழகத்தின் வின்லாந்து வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் வணிகர் கைகளில் தலைகாட்டியது. கொலம்பஸுக்கு முன்பே ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் அமெரிக்காவை அறிந்திருந்ததை இது காட்டுகிறது என்று 1965-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது வெளியான ஆய்வு நூலின் ஆசிரியர்களில் ஒருவர் பிரிட்டிஷ் அருங்காட்சியக வரைபடப் பிரிவின் தலைவர். தோல் உண்மையிலேயே 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் மையில் டைட்டானியம் சேர்மம் இருந்தது. அந்த வகை வெள்ளை நிறமி 1920-களில்தான் தொழிற்சாலைகளில் உருவானது. 2021-ல் யேல் பல்கலைக்கழகமே அதைப் போலி என்று அறிவித்துவிட்டது.

ஆகவே எந்தப் படத்தைக் காட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: இதற்கு முன் இது யாரிடம் இருந்தது? அவருக்கு முன்?

கே: அப்படியானால் பாமருக்கு முன் யாரிடம் இருந்தது? இப்போது யாருடையது? (புதுச்சேரி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேசையையும் பெட்டிகளையும் பாமர் விலைக்கு வாங்கினார். 1701-ல் கிட் இறந்ததிலிருந்து 1929 வரை 228 ஆண்டுகள். அந்த இடைவெளியை நிரப்ப ஓர் உயில், ஓர் ஏலப் பட்டியல், ஒரு குடும்பக் கடிதம் கூட முன்வைக்கப்படவில்லை. கிட்டின் மேசைதான் என்பதற்குச் சான்று மேசையில் பொறித்த எழுத்து. படம் கிட்டுடையது என்பதற்குச் சான்று மேசை. ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, இரண்டையும் தாங்கத் தரை இல்லை. 1949-ல் பாமர் இறந்தபின் படங்கள் அவர் வீட்டைக் கவனித்துவந்த பெண்மணிக்குப் போயின, பிறகு விற்பனையாகிக் கைமாறின. இன்று ஆர்வலர்கள் சண்டையிட்டுக்கொள்வது பெரும்பாலும் புகைப்படங்களையும் நகல்களையும் வைத்துத்தான்.

கே: ஓக் தீவில் இந்தப் படம் அப்படியே பொருந்தியதாமே? (நாகர்கோவில்)

பொருந்தியது இந்தப் படம் அல்ல. 1935-ல் ஹெரால்ட் வில்கின்ஸ் என்பவர் கிட் பற்றி எழுதிய நூலில் ஒரு வரைபடம் இருந்தது. கனடாவின் ஓக் தீவில் புதையலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த கில்பர்ட் ஹெடன் அதைப் பார்த்தார். அதிலிருந்த அளவுகளை வைத்துத் தேடியபோது துளையிட்ட கற்களும் முக்கோணமாக அடுக்கிய கற்களும் கண்ணில் பட்டன. 1937-ல் அவர் கடல் கடந்து இங்கிலாந்து சென்று வில்கின்ஸையே கேட்டார். நூலில் உள்ள படம் தன் கற்பனையில் வரைந்தது என்று வில்கின்ஸ் ஒப்புக்கொண்டார். கற்கள் நிறைந்த ஒரு தீவில் எந்தக் குறிப்பைக் கொண்டு போனாலும் ஏதாவது பொருந்தும்.

கே: புதையலுக்கு வழி பொறித்தவை எனப்படும் அமெரிக்க அரிசோனாவின் பெரால்டா கற்களும் இதே கதைதானா? (மதுரை)

வேறு கண்டம், வேறு பொருள். கல்வெட்டு தெரிந்தவரைக் கேளுங்கள். முன்பு யாரிடம் இருந்தது என்ற கேள்வியை மட்டும் அங்கும் எடுத்துச் செல்லுங்கள்.

கே: நில அளவையாளர் மீண்டும் எழுதுகிறேன். ஒரு படத்தில் 'சீனக் கடல்' என்றும் 1669 என்றும் இருக்கிறது. போலி செய்பவன் கிட்டின் காலத்துக்குப் பொருந்தாத ஆண்டையா போடுவான்? அதுவே உண்மைக்கு அடையாளம். (சென்னை)

1695-ல் லண்டனில் அளித்த வாக்குமூலத்தில் கிட் தன் வயது 41 என்கிறார். 1669-ல் அவருக்கு 15 வயது. அட்வெஞ்சர் காலி 1695-ல்தான் கட்டப்பட்டது. இல்லாத கப்பலின் பெயரை மேசையில் பொறித்தது யார்? பிழை செய்பவன் உண்மையானவன் என்று வைத்துக்கொண்டால், உலகில் போலியே இருக்க முடியாது.

கே: சென்னை நண்பருக்கு: அது 1699 ஆக இருக்கலாமே, 6-ம் 9-ம் மாறியிருக்கலாம். (கோவை)

கோவை வாசகரே, 1699-ல் கிட் எங்கே இருந்தார் என்று மாதம் மாதமாகத் தெரியும். ஏப்ரலில் கரீபியன் தீவுகள், ஜூனில் நியூயார்க் பக்கம், ஜூலையில் பாஸ்டன் சிறை. அதற்கு முந்தைய பயணமும் மாலுமிகளின் வாக்குமூலங்களில் இருக்கிறது: மடகாஸ்கர், கொமோரோ தீவுகள், செங்கடல் வாயில், கார்வார், கள்ளிக்கோட்டை, கொச்சி, மீண்டும் மடகாஸ்கர். சீனக் கடல் இதில் எங்கும் இல்லை.

கே: மாலுமிகள் பொய் சொல்லியிருக்கலாம். (சென்னை)

சிலர் சொன்னார்கள். மன்னிப்புப் பெறுவதற்காகக் கிட்டுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் உண்டு. ஆனால் கிட்டைத் தூக்குக்கு அனுப்பத் துடித்தவர்கள், கிட்டின் சீனப் பயணத்தை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? நம்மிடம் இருவகைத் தாள்கள் இருக்கின்றன. ஒன்று, நீதிமன்றத்தில் பதிவாகி ஆவணக் காப்பகத்தில் இருப்பது. மற்றது, கடையில் வாங்கிய மேசையிலிருந்து விழுந்தது. முதலாவதைச் சந்தேகித்து இரண்டாவதை நம்ப நான் தயாரில்லை. இருவரும் இதைத் தொடர விரும்பினால் 1669-க்கும் 1701-க்கும் இடையில் கிட் பற்றிய ஏதாவது ஒரு ஆவணத்தைக் காட்டி எழுதுங்கள், மனமார வரவேற்கிறேன்.

கே: தீவின் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைக்குமா? (திருப்பூர்)

ஈரோட்டு வாசகருக்குச் சொன்னதே. இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது, அனைவருக்கும் இதுவே பதில். 1983-ல் ஒரு பிரிட்டிஷ்காரரும் ஓர் அமெரிக்க இளைஞரும் வியட்நாம் கடலில் கிட் புதையலைத் தேடிப் போய்க் கைதாகிப் பல மாதங்கள் சிறையில் கிடந்தனர். தயவுசெய்து போகாதீர்கள், போகிறவர்களுக்குப் பணமும் கொடுக்காதீர்கள்.

கே: எங்கள் வீட்டுப் பரணில் புதையல் குறித்த செப்பேடு இருக்கிறது. தோண்டலாமா? (சிவகங்கை)

தோண்டாதீர்கள். செப்பேட்டைத் தொல்லியல் துறையிடம் காட்டுங்கள். மண்ணில் ஏதாவது கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

கே: மடகாஸ்கரில் கிட்டின் வெள்ளிக்கட்டி கிடைத்ததே? (தஞ்சாவூர்)

2015-ல் 50 கிலோ கட்டி ஒன்று எடுக்கப்பட்டது. யுனெஸ்கோ நிபுணர்கள் சோதித்ததில் 95 சதவீதம் ஈயம்.

கே: கிட் தொடர்பான எந்தத் தாளையாவது நீங்கள் நம்புகிறீர்களா? (காரைக்குடி)

இரண்டு தாள்களை நம்புகிறேன், அவற்றில் புதையல் இல்லை. 1698 ஜனவரியில் கொச்சிக்கு அருகே கிட் பிடித்த 'குவேதா மெர்ச்சன்ட்' வங்காளத்திலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல். ஆர்மீனிய வணிகர்களின் பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் அதில் இருந்தன. அது பிரெஞ்சு அனுமதிச் சீட்டுடன் சென்றது. அதற்கு முன் பிடித்த ஒரு கப்பலும் அப்படியே. பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்கக் கிட்டுக்கு அரசு ஆணை இருந்தது. ஆகவே அந்தச் சீட்டுகள்தான் கொள்ளைக் குற்றச்சாட்டுக்கு எதிரான அவருடைய வாதத்தின் உயிர். பெல்லமாண்டிடம் அவற்றைக் கொடுத்தார், அவை லண்டன் போயின, நாடாளுமன்றத்தின் முன்னும் வைக்கப்பட்டன. விசாரணையின்போது கிட் திரும்பத் திரும்பக் கேட்டும் அவை நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1701 மே 23 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரால்ஃப் பெயின் என்ற அமெரிக்க எழுத்தாளர் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் அவற்றைக் கண்டெடுத்து, 1911-ல் தன் நூலில் படத்துடன் வெளியிட்டார். மாலுமியிடமிருந்து கிட், கிட்டிடமிருந்து ஆளுநர், ஆளுநரிடமிருந்து அரசு, அரசிடமிருந்து காப்பகம். கைமாறிய ஒவ்வொரு படியும் தெரிகிறது. தன் கப்பல் ஆள் ஒருவரைக் கொன்ற குற்றத்துக்கும் அவர் தண்டிக்கப்பட்டார் என்பதால் சீட்டுகள் வந்திருந்தாலும் உயிர் தப்பியிருப்பாரா என்பது தனி விவாதம். அதைப் பற்றி எழுத விரும்புகிறவர்களுக்கு அடுத்த முறை முழு இடமும் தருகிறேன்.