கவுஸ் கடலில் ஓடிய பாய்மரப் படகுகள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே இருக்கும் ஐல் ஆஃப் வைட் தீவின் வடகரையில் உள்ள சிற்றூர் கவுஸ். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அங்கே பாய்மரப் பந்தய வாரம் நடக்கும். முதல் உலகப் போருக்கு முந்தைய அந்தக் காலம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், எத்தனையோ கடற்கரை ஊர்கள் இருக்க, பிரபுக்கள் ஏன் கவுஸுக்கே போனார்கள்?

தீவு மறைப்பதால், அதற்கும் தென்கரைக்கும் நடுவில் இருக்கும் சொலன்ட் நீர்ப்பரப்பில் பெரிய அலை குறைவு, காற்றுக்குப் பஞ்சமில்லை. அப்புறம், ராணி விக்டோரியாவின் ஆஸ்போர்ன் மாளிகை பக்கத்திலேயே இருந்தது. அரச குடும்பம் வரும் ஊருக்கு மற்றவர்கள் வராமல் இருப்பார்களா? ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்ற பாய்மரப் படகு மன்றத்தின் இருப்பிடமும் இதுதான். 1826 முதலே அங்கே பந்தயம் உண்டு.

கேள்வி: அரசரின் 'பிரிட்டானியா' எவ்வளவு பெரியது? அதை அவரேதான் ஓட்டினாரா?

பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆன இளவரசருக்காக 1893இல் கட்டிய படகு அது. வடிவமைத்தவர் ஜி.எல். வாட்சன். நீளம் சுமார் 121 அடி, பாய்களின் பரப்பு 10,000 சதுர அடி. மோட்டார் கிடையாது. அத்தனை பாயையும் கயிறு பிடித்துக் கையால்தான் ஏற்றி இறக்க வேண்டும்.

அதைச் செய்தவர்கள் மீனவர்கள். எஸ்ஸெக்ஸ் கடலோரத்தின் விவன்ஹோ, ரோஹெட்ஜ், டோல்ஸ்பரி போன்ற ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் சிப்பியும் சின்ன மீனும் பிடிப்பார்கள். கோடை வந்ததும் பணக்காரர்களின் படகில் சம்பளத்துக்கு ஏறுவார்கள். படகின் பெயர் பின்னிய கம்பளிச் சட்டைதான் சீருடை. மணல் திட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு நீரோட்டத்தைப் படிக்கத் தெரியும். பிரிட்டானியாவின் முதல் கேப்டன் ஜான் கார்ட்டரும், விவன்ஹோவும் ரோஹெட்ஜும் இருக்கும் கோல்ன் ஆற்றங்கரைக்காரர்தான். கோப்பையில் உரிமையாளர் பெயரைப் பொறித்தார்கள். வென்று கொடுத்த கைகள் இவர்களுடையவை. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இவர்களை விட்டுவிட்டு அரசர்களை மட்டும் சொல்வது எனக்கு ஒப்பாது.

கேள்வி: பந்தய நடுவில் காற்று நின்றுவிட்டால்?

சொலன்டில் நீரோட்டம் வலுவானது. காற்று செத்து ஓட்டமும் எதிராக இருந்தால், படகு பின்னால் போய்விடும். அதனால் சத்தமில்லாமல் ஒரு சிறு நங்கூரத்தை இறக்கி நின்றுகொள்வார்கள். பக்கத்துப் படகு இதைக் கவனிக்காமல் பின்வாங்கிக்கொண்டே இருந்தால், நிற்கிற படகு முன்னேறிவிட்ட மாதிரிதான்.

கேள்வி: அண்ணா, பந்தயத்தில் வரும் லிப்டன், டீத்தூள் லிப்டனா?

அவரேதான், சர் தாமஸ் லிப்டன். 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு அருகே உள்ள தம்பேதன்னை அவற்றில் ஒன்று. அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள். அவருடைய 'ஷாம்ராக்' படகுகளின் செலவில் அவர்களின் உழைப்பும் அடக்கம். 'அமெரிக்கா கோப்பை' என்ற பாய்மரப் பந்தயக் கோப்பைக்காக 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை போட்டியிட்டு ஐந்திலும் தோற்றார். மளிகைக்கடையில் தொடங்கிய அவரை ஸ்குவாட்ரன் மன்றம் 1931இல்தான் உறுப்பினராகச் சேர்த்தது. அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். இத்தனை காலம் அவரைக் காக்க வைத்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ஜெர்மன் பேரரசர் கைசரும் வந்தாரே?

வந்தார். மாமா எட்வர்டைத் தோற்கடிக்க 'மீட்டியோர்' என்ற பெயரில் அடுத்தடுத்துப் படகுகள் கட்டினார். தன் நாட்டில் கீல் நகரப் பந்தய வாரத்தையும் பெரிதாக வளர்த்தார். 1914 ஜூன் 28இல், ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவில் கொல்லப்பட்ட செய்தி அவரை எட்டியது கீலில், மீட்டியோரில் இருந்தபோதுதான். அந்த ஆகஸ்டில் போர் வந்தது, கவுஸ் வாரம் ரத்தானது.

கேள்வி: அந்தப் படகுகளை இப்போது பார்க்க முடியுமா?

பிரிட்டானியாவை முடியாது. எட்வர்டுக்குப் பின் அதை வைத்திருந்த அவர் மகன் ஐந்தாம் ஜார்ஜ் இறந்த பின், 1936 ஜூலையில், சாமான்களைக் கழற்றிவிட்டு அதைத் தீவின் தெற்கே கடலில் மூழ்கடித்தார்கள். ஆனால் வில்லியம் ஃபைஃப் 1911இல் கட்டிய 'மரிக்கீட்டா' பிழைத்திருக்கிறது. இந்த நூற்றாண்டில் பழுதுபார்த்து மறுபடியும் பந்தயத்தில் இறக்கினார்கள். அந்தக் காலத்துப் பாய் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால் அதன் படங்களைத் தேடிப் பாருங்கள்.