மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பாடம் கனக்கிறதா? தொடக்கப் பள்ளிப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர், பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (திருப்பூர், ஒரு அம்மா): டீச்சர், ரெண்டாவது வரைக்கும் பையன் எல்லாத்துலயும் நல்ல மார்க். மூணாவது முதல் பருவத் தேர்வுல கணக்குல 60க்கு 31. திடீர்னு என்ன ஆச்சு?

பதில்: திடீரென்று எதுவும் ஆகியிருக்காது. தமிழ்நாடு அரசுப் பாடநூலில் இரண்டாம் வகுப்பு வரை சூழ்நிலையியலாக இருந்தது மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிகிறது. ஒரு சொல்லில் எழுதிய விடையை முழு வாக்கியமாக எழுதச் சொல்கிறார்கள். கணக்கில் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிறது. கீழே ஒரு படி ஆடிக்கொண்டிருந்தால் இப்போதுதான் வெளியே தெரியும்.

அந்த விடைத்தாளை எடுங்கள். தப்பான கணக்குகளை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுத்து, திட்டாமல், நேரம் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். சரியாகப் போட்டால் தேர்வில் நேரம் போதவில்லை, அல்லது பதற்றம். அப்போதும் போடவில்லையென்றால் கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். உடனே போட்டுவிட்டால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது, கணக்கில் இல்லை. வாசித்துக் காட்டியும் போடவில்லை என்றால்தான் கணக்கே புரியவில்லை என்று பொருள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார வைப்பதில் பயனில்லை.

கேள்வி (மன்னார்குடி, ஒரு அப்பா): கடன் வாங்கிக் கழிக்கறது எத்தனை தடவை சொன்னாலும் பொண்ணு தப்பாவே போடுறா. கவனக்குறைவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. எந்தத் தப்பான விடை வருகிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும். 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 224.

376 என்று எழுதினால், அவள் கடனே வாங்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள்: 8-லிருந்து 2, 7-லிருந்து 0, 4-லிருந்து 1. “சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது” என்று இரண்டாம் வகுப்பில் பிடித்துக்கொண்ட வாக்கியம் இப்படித் திரும்பி வருகிறது.

234 என்று எழுதினால், கடன் வாங்கத் தெரிகிறது. ஆனால் நூறிலிருந்து பத்துக்கு வந்த 10, ஒன்றுக்குக் கொடுத்த பிறகு 9 ஆகிவிட்டதை மறந்துவிட்டாள். நடுவில் பூஜ்ஜியம் வரும் கணக்குகளில்தான் இது சறுக்கும்.

இரண்டுக்கும் விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. பணத்தை வைத்துக் காட்டுங்கள். காகிதத்தில் நூறு ரூபாய்ச் சீட்டு 4, பத்து ரூபாய்ச் சீட்டு 15 வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கொட்டை ஒரு ரூபாய் என்று வைத்துப் புளியங்கொட்டை 12. அவள் கையில் நான்கு நூறும் இரண்டு கொட்டையும். மீதியெல்லாம் உங்களிடம், நீங்கள்தான் கடைக்காரர். “178 ரூபாய் கொடு” என்று கேளுங்கள். எட்டுக் கொட்டை கொடுக்க அவளிடம் இல்லை, மாற்றப் பத்து ரூபாயும் இல்லை. ஆகவே ஒரு நூறைக் கொடுத்துப் பத்து ரூபாய்ச் சீட்டு பத்து வாங்குவாள், அதில் ஒரு பத்தைக் கொடுத்துப் பத்துக் கொட்டை வாங்குவாள். இப்போது அவள் முன்னால் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுகிறாள். இனிமேல் கொடுப்பது சுலபம்.

ஆனால் முதல் நாளே 402-ஐ எடுக்காதீர்கள். 52 - 37, பிறகு 352 - 178, அதன் பிறகே பூஜ்ஜியம் உள்ளது. நாளுக்கு நாலு கணக்கு போதும். முதலில் சீட்டு மட்டும், அடுத்துச் சீட்டை மாற்றும்போதே நோட்டிலும் எழுதுவது, கடைசியில் நோட்டு மட்டும். நடுவில் உள்ள அந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பழைய தப்பே திரும்பி வரும். ஒவ்வொரு விடையையும் கூட்டிச் சரிபார்க்கப் பழக்குங்கள்: 224 + 178 = 402. தப்பை அவளே கண்டுபிடிப்பாள்.

கேள்வி (சேலம்): வாய்ப்பாடு வரிசையா சொல்றான். நடுவுல ஏழெட்டு எவ்வளவுன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கிறான்.

பதில்: அவன் மனத்தில் இருப்பது பாட்டு, கணக்கு இல்லை. கேட்ட இடத்தில் வர வேண்டும். 1 முதல் 10 வரையான வாய்ப்பாட்டில் நூறு வரிகள் இருப்பதாகத் தோன்றும். 7 × 8-ம் 8 × 7-ம் ஒன்றுதான் என்று புரிந்தால் 55 ஆகக் குறையும். 1, 2, 5, 10 சுலபமாக வந்துவிடும், அவற்றை எடுத்தால் மீதி 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் விடையின் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் 9, முதல் இலக்கம் பெருக்கும் எண்ணைவிட ஒன்று குறைவு (9 × 7 = 63). அதையும் கழித்தால் உண்மையில் உழைக்க வேண்டியவை 15 மட்டும். அந்தப் பதினைந்தையும் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, நாளுக்கு மூன்று அட்டை, கலைத்துப் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், ஒரு அம்மா): கூட்டல், கழித்தல் எல்லாம் வருது. எழுத்துக் கணக்கு வந்தா மட்டும் “கூட்டணுமா, கழிக்கணுமா?”ன்னு என் முகத்தைப் பாக்குறான்.

பதில்: ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இது பாதி நாள் சரியாக வரும், மீதி நாள் காலை வாரும். இந்தக் கணக்கைப் பாருங்கள்: “முருகன் தன்னிடமிருந்த கோலிகளில் 15-ஐத் தம்பிக்குக் கொடுத்தான். மீதி 28. முதலில் எத்தனை இருந்தது?” ‘மீதி’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் கூட்ட வேண்டும், விடை 43.

பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். எண்களே இல்லாமல் கதையை அவன் வாயால் சொல்லட்டும்: “நிறைய வச்சிருந்தான், கொஞ்சம் குடுத்துட்டான், கொஞ்சம் இருக்கு.” பிறகு ஒரு நீளக் கட்டம் போட்டு, கொடுத்தது ஒரு பக்கம், இருப்பது ஒரு பக்கம் என்று பிரிக்கட்டும். எது தெரியவில்லையோ அங்கே கேள்விக்குறி. எண்கள் கடைசியில்தான். அவன் முகம் பார்க்கும்போது நீங்கள் தலையாட்டாமல் இருப்பதும் முக்கியம்.

கேள்வி (மதுரை): இங்கிலீஷ் மீடியம். சயின்ஸ் பதிலை அப்படியே மனப்பாடம் பண்றா, கேள்வியைக் கொஞ்சம் மாத்துனா முழிக்கிறா.

பதில்: விஷயத்தை முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள். ‘எவாப்பரேஷன்’ (ஆவியாதல்) பாடம் என்றால் ஈரத் துணி ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் போட்டு, எது முன்னால் காய்ந்தது, தண்ணீர் எங்கே போனது என்று பேசுங்கள். அதன் பிறகு அந்தப் பாடத்தில் உள்ள ஐந்தாறு ஆங்கிலச் சொற்கள். பிறகுதான் புத்தகம். கைடில் இருக்கும் விடையைவிட அவளே எழுதிய இரண்டு வரி உடைந்த ஆங்கிலம் மேல், இலக்கணத்தை மெல்லத் திருத்திக்கொள்ளலாம். அரசுப் பாடநூல் என்றால் அதில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தும் பார்க்கலாம்.

கேள்வி (ஈரோடு, ஒரு பாட்டி): பேரன் தமிழை எழுத்து எழுத்தாக் கூட்டித்தான் படிக்கிறான். நாலாவது வந்தாச்சு.

பதில்: எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும் பாட்டி, அதனால்தான் படித்தும் புரிவதில்லை. புத்தகத்தில் ஒரு பத்தி எடுங்கள். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுமாறினால் அது அவனுக்குக் கடினம், இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் நீங்கள் வாசியுங்கள், அவன் விரல் வைத்துப் பின்தொடரட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து. மூன்றாவது அவன் தனியே. ஒரே பத்தி, பத்து நிமிடம், தினமும். கெ–கே, கொ–கோ குழப்பம் இருந்தால் அந்த ஜோடிச் சொற்களை மட்டும் தனியே எழுதிப் பழக்குங்கள்.

கேள்வி (சென்னை, ஒரு அப்பா): வீட்டுப்பாடம் ஏழு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பதைத் தாண்டுது. தினமும் அழுகை.

பதில்: மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான் என்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால் டைரியில் நேரத்தைக் குறித்து ஆசிரியரிடம் காட்டுங்கள். வீட்டில் இவ்வளவு நேரம் ஆவது பல ஆசிரியர்களுக்குத் தெரிவதே இல்லை. வீட்டில், பள்ளி விட்டு வந்து சாப்பிட்டு விளையாடிய பிறகு, ஆறு மணிக்குள் தொடங்குங்கள். இருபது நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. தூக்கத்தை வெட்டாதீர்கள். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும்.

கேள்வி: டியூஷன் போடலாமா?

பதில்: எந்தப் படி விட்டுப்போனது என்று கேட்டு அதைச் சரிசெய்பவர் என்றால் போடலாம். வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கும் டியூஷன் வேண்டாம்.

கேள்வி (திண்டுக்கல், ஒரு அம்மா): வாயால கேட்டா எல்லாம் சொல்றான். கரும்பலகையைப் பார்த்து எழுதறதுல பாதியை விட்டுடுறான். டிஸ்லெக்சியாவா இருக்குமோன்னு பயமா இருக்கு.

பதில்: டிஸ்லெக்சியா என்பது வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு. ஆனால் முதலில் கண் பரிசோதனை. கிட்டப்பார்வை பல பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து வயதுக்குள் தொடங்கும், அவர்களுக்கே தெரியாது. கண் சரியாக இருந்து, தினமும் முறையாகப் பழகியும் சில மாதங்களில் வாசிப்பு நகரவில்லை, எழுத்துகள் இடம் மாறுகின்றன என்றால் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை செய்யுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இக்குறைபாடும் உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது மூன்று பாட நோட்டுகளையும் ஒரு விடைத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பார்த்து எழுதியது, சொல்லக் கேட்டு எழுதியது, தானாக எழுதியது மூன்றும் அதில் இருக்கட்டும்.